வராத நாள்

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்திக்கிட்ட?"

ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு செவிலியர் கேட்டார். எதிரே நின்ற பெண்ணுக்கு இருபது, இருபத்தொரு வயது இருக்கும். அவள் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அம்மாள் அரை நொடி கண்ணை மூடி, "ஆடிப்பெருக்குக்கு மறுநா ஊத்துனா. அதுக்கப்புறம் இல்ல" என்றார். செவிலியர் சுவர்க் காலண்டரில் விரலை ஓட்டி, நாள் வந்த முதல் தேதிக்குப் பின்னோக்கி எண்ணிப் போய், அதைப் பிடித்து எழுதிக்கொண்டார்.

தங்கை மகளுக்குத் துணையாகப் போயிருந்த நான் பக்கத்து பெஞ்சில் இருந்தேன். யாரும் யாரையும் அதட்டவில்லை. மாமியாரின் குரலில் வாஞ்சை இருந்தது. மருமகள் முகத்திலும் வருத்தம் இல்லை. ஆனாலும் அவள் அப்படித் திரும்பிப் பார்த்தது என்னை விட்டுப் போகவில்லை. தன் உடம்பில் நடந்த ஒன்றின் தேதியை அவள் இன்னொருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

கர்ப்பத்தின் முதல் அடையாளம் எது என்று கேட்டால், சினிமா பார்த்து வளர்ந்த நாம் வாந்தி என்போம். கதாநாயகி வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவாள். நாடி பிடித்துப் பார்த்தவர் சிரிப்பார். பேச்சுத் தமிழ் இதைவிட நுட்பமானது. நாள் தள்ளிப்போயிருக்கு. குளிக்காம இருக்கா. முழுகாம இருக்கா. மூன்றுமே நடக்காமல் போன ஒன்றைத்தான் சொல்கின்றன. மாதாமாதம் வருவது வரவில்லை. அது முடிந்து தலைமுழுகும் குளியல் நடக்கவில்லை. 'மாசமா இருக்கா', 'வாயும் வயிறுமா இருக்கா' என்பதெல்லாம் பிறகு வரும் பேச்சு. வலி என்றால் உடம்பே சொல்லிவிடும். வராத ஒன்றை, அது எப்போது வரவேண்டும் என்று கணக்கு வைத்திருப்பவர்தான் கண்டுபிடிக்க முடியும்.

உள்ளே நடப்பதைப் படித்துத் தெரிந்துகொண்டபோது அந்தச் சொற்கள் மீது எனக்கு மரியாதை கூடியது. கருவான முட்டை சினைக்குழாய்க்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகிக்கொண்டே கருப்பையை நோக்கி நகர்கிறது. பெரும்பாலும் ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் கருப்பையின் சுவரில் பதிகிறது. பதிந்ததும் எச்.சி.ஜி. என்ற ஹார்மோனைத் தாயின் ரத்தத்தில் கலக்கத் தொடங்குகிறது. அது போய்ச் சேரவேண்டிய இடம் சினைப்பை. முட்டை வெளியேறிய இடத்தில் அங்கே மஞ்சள் நிறத்தில் சிறிய திசு ஒன்று உருவாகியிருக்கும். அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் ஆயுள். அது சுருங்கினால் புரோஜெஸ்டிரோன் குறையும், கருப்பையின் உள்ளுறை உதிரும், நாள் வரும். கரு அனுப்பிய ஹார்மோன் அந்தத் திசுவைச் சுருங்கவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவில் இருக்கும் ஓர் உயிர் 'உதிர்த்துவிடாதே' என்று கேட்டிருக்கிறது. தாயின் உடம்பு சரி என்றிருக்கிறது. வராத அந்த நாளுக்குப் பொருள் இதுதான். அவளுக்கு இன்னும் தெரியாது. அவள் உடம்பு அதற்குள் ஒப்புக்கொண்டுவிட்டது.

பிறகு மற்ற அடையாளங்கள் வருகின்றன. மார்பு கனத்து, தொட்டால் நோகிறது. பகலிலேயே கண் சொருகுகிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது. நேற்றுவரை பிடித்திருந்த தாளிப்பு வாசம் இன்று குடலைப் பிரட்டுகிறது. சிலருக்குத் துளி ரத்தக்கறை படுகிறது. இவற்றில் பாதி, நாள் வருவதற்கு முந்தைய வாரத்திலும் வரும். இரண்டு நேரத்திலும் வேலை செய்வது அதே புரோஜெஸ்டிரோன்தான். அதனால் ஒரு பெண்ணுக்கு முதல் சில நாட்களில் ஆம் என்பதும் இல்லை என்பதும் ஒரே குரலில்தான் கேட்கின்றன.

அந்தக் குரலைப் பிரித்தறிவதில் என் அப்பத்தா கெட்டிக்காரி. பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சி இல்லை, சம்சாரிதான். ஆனால் களத்துமேட்டில் வேலை செய்துகொண்டிருக்கும் பெண்களில் ஒருத்தியைப் பார்த்து, "ஏத்தா, சோத்து வாடை ஆகலையோ?" என்பாள். ஒருத்தி அடுப்புக்கட்டி மண்ணைக் கிள்ளி வாயில் போட்டதைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிடுவாள். மண் தின்னும் ஆசை நமக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 20-ஆம் பாட்டு, சேரனின் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டு உண்பார்களே தவிரப் பகைவர் உண்ண முடியாது என்று அவன் வீரத்தைப் புகழ்கிறது. வயா என்ற பழஞ்சொல்லுக்குள் அந்த ஆசை உட்கார்ந்திருக்கிறது. மண்ணும் சாம்பலும் பச்சரிசியும் தின்னத் தோன்றுவது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்து வருவது என்று இன்றைய மருத்துவம் சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் இந்தியக் கர்ப்பிணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை இருந்தது. அப்பத்தா மசக்கை என்று சிரித்ததை இன்று நாம் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அனுப்பத்தான் வேண்டும்.

அப்பத்தாவின் கண்ணை நான் மதிக்கிறேன். அந்தக் கண் பலருக்குத் துணையாக இருந்தது. ஏற்றம் இறைப்பதையும் மூட்டை தூக்குவதையும் எத்தனையோ பெண்களுக்கு அது நிறுத்திக் கொடுத்தது. ஆனால் அந்தக் கண்ணுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதை நான் சித்தியிடம்தான் தெரிந்துகொண்டேன்.

சித்தி வாழ்க்கைப்பட்ட ஊரில் அந்த மூன்று நாளும் பெண்கள் திண்ணையின் ஓரத்தில்தான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிச் செம்பு. கல்யாணமாகி ஏழு வருடம் அவளுக்குப் பிள்ளை இல்லை. ஏழு வருடமும் மாதாமாதம் அவள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தது தெருவுக்கே அறிவிப்புப் போல இருந்தது. "போறவ வாறவ எல்லாம் என் மூஞ்சியப் பாக்க மாட்டாக. என் வயித்தத்தான் பாப்பாக" என்று ஒருநாள் சொன்னாள். அவள் நாளை அந்த வீடு எண்ணியது. வீட்டோடு சேர்ந்து தெருவும் எண்ணியது. அவள் எண்ணவே வேண்டியிருக்கவில்லை.

அந்த ஏழு வருடத்தில் ஒருமுறை அவளுக்குப் பத்து நாள் தள்ளிப்போனது. மீன் குழம்பு வாசம் ஆகவில்லை. மார்பு கனத்தது. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயம். பதினோராம் நாள் வந்துவிட்டது. திண்ணைக்குப் போனபோது மாமியார், "எல்லாம் உன் மனப்பிராந்தி, ஆசப்பட்டா அப்படித்தான் தோணும்" என்றாராம். முப்பது வருடம் கழித்து என்னிடம் சித்தி சொன்னது இது: "பிராந்தி இல்லடி. அந்தப் பத்து நாளும் நான் உண்டாயிருந்தேன்."

நான் அன்று தலையை மட்டும் ஆட்டினேன். அவள் மனம் நோகக் கூடாது என்றுதான் ஆட்டினேன். பிறகுதான் ஓர் ஆய்வைப் படித்தேன். 1988-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்தது. கருத்தரிக்க விரும்பிய 221 பெண்கள் தினமும் காலைச் சிறுநீரைச் சேமித்துக் கொடுத்தார்கள். அதில் எச்.சி.ஜி. இருக்கிறதா என்று மிகச் சிறிய அளவுவரை சோதித்தார்கள். பதிந்த கருக்களில் 22 விழுக்காடு, கர்ப்பம் என்று மருத்துவம் கண்டுகொள்வதற்கு முன்பே கலைந்து போயிருந்தன. வெளியே தெரிந்ததெல்லாம் வழக்கம்போலவோ சற்றுத் தாமதமாகவோ வந்த மாதவிலக்கு மட்டுமே. சித்தியின் பத்து நாள் அந்தக் கணக்கில் சேருமா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அதைப் பிராந்தி என்று சொல்லவும் யாருக்கும் ஆதாரம் இருக்கவில்லை. நான் தலையாட்டிய விதத்துக்காக இன்றுவரை வருந்துகிறேன்.

இதே கதை ஆய்வுக்கூடத்தின் வாசலிலும் நடந்திருக்கிறது. மார்லீனா ஃபெஜோ அமெரிக்காவில் மரபணு ஆய்வாளர். 1999-இல் கர்ப்பமாக இருந்தபோது தண்ணீர்கூடத் தங்காத அளவுக்குக் கடும் வாந்தி. அவர் மிகைப்படுத்துவதாகவே அவருடைய மருத்துவர் நினைத்தார். அந்தக் குழந்தை தங்கவில்லை. அதற்குப் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் அதே கேள்வியைத் துரத்தினார். 2023 டிசம்பரில் அவரும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் நேச்சர் இதழில் விடை சொன்னார்கள். கருவும் நஞ்சுக்கொடியும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கர்ப்பத்துக்கு முன் அந்த ஹார்மோன் குறைவாக இருந்த பெண்களுக்கு அது திடீரென்று உயரும்போது குமட்டல் கடுமையாகிறது. கர்ப்பிணிகளில் பத்துக்கு ஏழு பேர் படும் மசக்கைக்கு, மனசு, பாசாங்கு, பிள்ளை வேண்டாம் என்ற உள்விருப்பம் என்றெல்லாம் காலங்காலமாகக் காரணம் சொல்லியிருக்கிறார்கள். கேட்ட பெண்கள் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

யோசித்துப் பார்க்கையில் எனக்குத் தெளிவானது இதுதான். இந்த விஷயத்தில் முதலில் அறிகிறவள் அவள். நம்பப்படுகிற வரிசையில் அவளுக்குக் கடைசி இடம். வீடு அவளை நம்பவில்லை. அவளுடைய நாட்களை எண்ணியது. மருத்துவமும் வெகுகாலம் அவளை நம்பவில்லை. அவளுடைய சிறுநீரை எலிகளிடம் கேட்டது.

கேட்டது உண்மை. 1920-களின் பிற்பகுதியில் பெர்லினில் ஆஷ்ஹெய்ம், சோண்டெக் என்ற இரு மருத்துவர்கள் பெண்ணின் சிறுநீரை முதிராத சுண்டெலிகளுக்கு ஊசி போட்டு, பிறகு அவற்றை அறுத்து சினைப்பையைப் பார்த்தார்கள். பிறகு முயல் வந்தது. அதன் பின் தென்னாப்பிரிக்கத் தவளை வந்தது. கர்ப்பிணியின் சிறுநீர் ஊசி போட்டால் ஒரு நாளுக்குள் முட்டையிடும். முடிவு மருத்துவருக்குப் போகும். மருத்துவர் சொன்னால் அவளுக்குத் தெரியும்.

1967-இல் நியூ ஜெர்சியில் ஒரு மருந்து நிறுவனத்தில் அழகுசாதனப் பெட்டிகளுக்கு வடிவம் தர வேலைக்குச் சேர்ந்திருந்தார் 26 வயது மார்கரெட் கிரேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடியின் மேல் சோதனைக் குழாய்கள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார். என்ன என்று கேட்டபோது கர்ப்பச் சோதனை என்றார்கள். குழாயின் அடியில் சிவப்பு வளையம் தெரிந்தால் கர்ப்பம். இதை ஒரு பெண் தானே வீட்டில் செய்துகொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றியது. மேசையில் இருந்த பேப்பர் கிளிப் டப்பாவை அடிப்படையாக வைத்து, ஒரு குழாய், ஒரு சொட்டுக்குழல், ஒரு கண்ணாடித் துண்டு சேர்த்து மாதிரி செய்து காட்டினார். நிறுவனம் தயங்கியது. மருத்துவர்களின் வாடிக்கை போய்விடும், பெண்கள் முடிவைத் தாங்க மாட்டார்கள் என்றெல்லாம் பேச்சு. காப்புரிமை அவர் பெயரில் வந்தது. அதை ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார், அந்த ஒரு டாலரும் அவர் கைக்கு வரவில்லை. 1971-இல் கனடாவில் முதலில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்கக் கடைகளுக்கு வர 1970-களின் பிற்பகுதி ஆனது.

என் முறை வந்தபோது மருந்துக்கடையில் கிட் வாங்கிக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்தேன். விடியற்காலை, வீடு தூங்கிக்கொண்டிருந்தது. முதல் சிறுநீரில் மூன்று சொட்டு. குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். சி என்ற எழுத்துக்கு நேரே ஒரு கோடு. பிறகு டி-க்கு நேரே மெலிதாக இன்னொன்று. மெலிதானாலும் கோடு கோடுதான் என்று உறையில் போட்டிருந்தது. வெளியே பால்காரரின் மணி கேட்டது. அந்தச் சில நிமிடம் உலகத்திலேயே அது எனக்கு மட்டும் தெரியும். அழுவதா, சிரிப்பதா, யாரிடம் முதலில் சொல்வது, இன்று சொல்வதா நாளைக்கா, எல்லாம் என் கையில். அப்பத்தாவுக்கும் சித்திக்கும் என் அம்மாவுக்கும் அந்தச் சில நிமிடம் வாய்க்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

இந்த அறிதல் சீக்கிரம் நடக்க வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அது உணர்ச்சி சம்பந்தப்பட்டதல்ல. கர்ப்பத்தின் வாரங்களைக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். அதனால் நாள் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம் என்று கணக்கில் ஏறிவிடுகிறது. ஆறாம் வாரவாக்கில் குழந்தையின் மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அடித்தளமான நரம்புக்குழாய் மூடி முடிந்துவிடும். ஏறக்குறைய அதே வாரத்தில்தான் பல பெண்கள் 'இருக்குமோ' என்று யோசிக்கவே ஆரம்பிக்கிறார்கள். அந்தக் குழாய் சரியாக மூட ஃபோலிக் அமிலம் வேண்டும். தினமும் 400 மைக்ரோகிராம், கருவுறுவதற்கு முன்பிருந்தே. குழந்தை வேண்டும் என்று நினைக்கிற பெண் நாள் தள்ளிப்போவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வலிப்புக்கோ தைராய்டுக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை எடுப்பவர்கள், தாமாக நிறுத்திவிடாமல், முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டியதும் இதனால்தான்.

கோடு விழாவிட்டால்? ரொம்பச் சீக்கிரம் பார்த்திருக்கலாம். சில நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். நாளே ஒழுங்காக வராத பெண்களுக்கு, சினைப்பை நீர்க்கட்டிகளோ தைராய்டோ உள்ளவர்களுக்கு, தள்ளிப்போவது மட்டும் எதையும் சொல்லாது. பால் கொடுக்கும் தாய்க்கு இன்னும் சிக்கல். பிரசவத்துக்குப் பின் முதல் நாள் வருவதற்கு முன்பே முட்டை வெளிவந்துவிடலாம். அதனால் நாளே வராமலும் அடுத்த கரு தங்கலாம். நாற்பதைத் தாண்டியவர்கள் நாள் நிற்கப்போகிறது என்று நினைத்து நான்கு மாதம் கழித்து அறிந்த கதை நம் ஊரில் நிறைய உண்டு.

இரண்டு கோடு விழுந்தும் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, ரத்தப்போக்கு, தலைசுற்றி மயக்கம், தோள்பட்டை நுனியில் வலி என்று வந்தால் அதைச் சூடு, வாய்வு என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. கரு சினைக்குழாயிலேயே தங்கியிருக்கலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றோ இரண்டோதான் அப்படி அமையும், ஆனால் குழாய் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று நம்பி, அந்த மணி நேரத்திலேயே வண்டியை எடுக்க வேண்டும்.

மூன்று மாதம் போகட்டும், அதுவரை வெளியே சொல்லாதே என்று நம் வீடுகளில் ஒரு வழக்கம். கண்ணேறு பயம் அதில் உண்டு, நியாயமும் உண்டு. தெரியவந்த கர்ப்பங்களில் ஏறக்குறைய பத்து முதல் இருபது விழுக்காடு கலைந்துவிடுகின்றன, அவற்றில் பெரும்பாலானவை அந்த மூன்று மாதத்துக்குள். ஆனால் மகிழ்ச்சியைச் சொல்லாதே என்ற அந்தக் கட்டளை, கலைந்துபோனால் துக்கத்தையும் சொல்லாதே என்று ஆகிவிடுகிறது. அப்புறம் அவளுக்குள்ளேயே குற்றப் பட்டியல் தொடங்கும்: குடம் தூக்கினேனே, பப்பாளி ஒரு துண்டு தின்றேனே, பஸ்ஸில் போனேனே. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் கோளாறால் கலைகின்றன. அவள் தூக்கிய குடத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. இதை யாராவது அவளிடம் உரக்கச் சொல்ல வேண்டும்.

எல்லாப் பெண்ணுக்கும் இரண்டாம் கோடு இனிப்பாக இருப்பதில்லை என்பதையும் சொல்லாமல் விட முடியாது. கல்யாணமாகாதவள், கைக்குழந்தைக்காரி, உடம்பு தாங்காதவள், விருப்பமில்லாமல் சுமந்தவள் உண்டு. சட்டம் அனுமதிக்கும் காரணங்களுக்கும் கால வரம்புக்கும் உட்பட்டு, பதினெட்டு வயது நிறைந்த பெண் கருவைக் கலைக்க அவளுடைய சம்மதம் மட்டுமே போதும். கணவன், மாமியார், தகப்பன் யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. சீக்கிரம் அறிந்தவளுக்கு வழிகள் அதிகம். தாமதமாக அறிந்தவளுக்கு மருந்துக்கடைப் பரிந்துரையும் ஆபத்தும்தான் மிஞ்சுகின்றன.

அன்று சுகாதார நிலையத்தில் என் தங்கை மகளின் முறை வந்தது. செவிலியர் அதே கேள்வியைக் கேட்டார். அவள் கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து எழுதி வருகிற பழக்கம். தேதி, எத்தனை நாள் இருந்தது, வலி. செவிலியர் அதை வாங்கிப் பார்த்து, "இப்படி இருந்தா எங்களுக்கு எவ்வளவு லேசு" என்றார். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகை, ஸ்கேன் எப்போது, பிரசவத் தேதி எது, எல்லாம் அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு தேதியிலிருந்துதான் கணக்காகின்றன.

உங்கள் வீட்டில் பெண் பிள்ளை வயதுக்கு வந்தால் சீர் செய்வீர்கள், புட்டு அவித்துப் போடுவீர்கள். அதோடு ஒரு சின்ன நோட்டும் பேனாவும் கொடுங்கள். எப்படிக் குறிக்க வேண்டும் என்று ஒருமுறை சொல்லிக்கொடுங்கள். பிறகு அதைத் திறந்து பார்க்காதீர்கள்.